ஒரு ஆள் இடம்

என் வீட்டுக்காரர் போட்டோ எடுப்பார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைச் சரிசெய்வேன். சங்கரன்கோவிலில் எங்கள் ஸ்டூடியோ இத்தனை வருஷமாக ஓடுவது இந்த ஏற்பாட்டில்தான். வாசல் போர்டில் அவர் பெயருக்குக் கீழே 'புகைப்படக் கலைஞர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். என் பெயர் அதில் கிடையாது. என் பெயரையும் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் அவர், "அதுக்கென்ன, கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்" என்றார்.

அந்த வாக்கியம்தான் அவருடைய தொழில் ரகசியம். மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டாரா, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். மணமேடைக்குப் பின்னால் காலித் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கிறதா, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். தாலி கட்டுகிற நேரத்தில் பெரியப்பா ஒருவரின் முதுகு குறுக்கே வந்துவிட்டதா, அதுவும் அப்படித்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீருகிற விஷயம். அவர் சொல்ல மாட்டார். நான் மறுநாள் முழுக்க உட்கார்ந்து அந்தப் பெரியப்பாவின் முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளின் முதுகை இந்த ஊரில் என் அளவுக்கு உற்றுப் பார்த்த பெண் வேறு யாரும் இருக்க முடியாது.

பழைய மென்பொருள் காலத்தில் என் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். கோட்டு போட்ட உடம்பு ஒன்று, பட்டு வேட்டி உடம்பு ஒன்று, கதர்ச் சட்டை உடம்பு ஒன்று. செத்துப்போனவர்களின் தலையைப் பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, வீட்டார் கேட்கிற உடம்பில் ஏற்றிவிடுவேன். பெரும்பாலும் கோட்டைத்தான் கேட்பார்கள். சட்டை போடவே சலித்துக்கொண்டு வரப்பில் திரிந்தவர்களெல்லாம் சுவரில் கோட்டும் டையுமாக இருப்பது என் கைங்கரியம்தான். தலை பெரிதாக இருக்கும், கழுத்து இருக்காது, முகத்தில் ஒரு பக்கமும் கோட்டில் மறுபக்கமும் வெளிச்சம் விழும். அந்தக் கோட்டு உடம்பின் சொந்தக்காரர் யாரோ எனக்குத் தெரியாது. அவர் ஒரே ஆளாக இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கிறார்.

பிறகு புது மென்பொருள் வந்தது. வேண்டியதை ஒரு கட்டத்தில் எழுதினால் போதும், அதுவே வரைந்து கொடுத்துவிடுமாம். இங்கிலீஷில் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் கரண்ட் பில் படிக்கிற அளவுக்குத்தான் வரும். வாசலுக்கு வாழைமரம் கேட்டேன். ஏதோ ஒரு மரத்தில் வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டது. கோயில் கோபுரம் கேட்டேன். சீன தேசத்து ஓட்டுக்கூரையை அடுக்கடுக்காக ஏற்றி வைத்தது, கோமதி அம்மன் பார்த்திருந்தால் அவளே சிரித்திருப்பாள். மாப்பிள்ளைக்கு மாலை கேட்டேன். கழுத்தில் மலர்வளையத்தை மாட்டியது. கல்யாண வீட்டார் பார்ப்பதற்குள் அதை அழித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருப்பதை நீக்கச் சொன்னால் அது கில்லாடி. பெரியப்பாவின் முதுகு ஒரே அமுக்கில் போனது, பின்னாலிருந்த மேடையும் பூவும் தானாக வந்து நின்றன. இன்னொரு பொத்தானும் இருந்தது. வேறு எங்கோ எடுத்த ஆளைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு அதை அமுக்கினால் வெளிச்சமும் நிறமும் சுற்றியுள்ளவர்களோடு ஒத்துப்போகும், நிழல்கூடத் தானாக விழும். முதல் தடவை அதை அமுக்கியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இதைக் கற்றுக்கொள்ள நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எத்தனை வருஷம். சந்தோஷமாகவும் இருந்தது, அந்த யந்திரத்தை ஒரு அறை அறையலாம் போலவும் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வெறும் சந்தோஷம்தான். அன்றைக்குப் பிறகு அவர் கேமராவுக்குள் பார்ப்பதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார்.

அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வீடு. பெண்ணுக்கு அப்பா இல்லை. அண்ணன் ஒருவன், வளைகுடாவில் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு தருகிறோம் என்று சொல்லி, டிக்கெட் போட்ட பிறகு கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமனாவது இருப்பார் என்றால், அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து பக்கத்துத் தெருவில் படுக்கையாகக் கிடந்தார். தாய்மாமன் சீரை அவர் மனைவிதான் தட்டில் வைத்து எடுத்து வந்தார். கூட நிற்க வேண்டிய இரண்டு ஆண்களும் இல்லாமல் பெண்ணின் அம்மா ஒரு கல்யாணத்தை நடத்தினார்.

அழுதுகொண்டு நிற்கிற ஆள் அல்ல அவர். காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எடுக்கிற எல்லாப் படத்திலும் தன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட வேண்டும் என்றார். அது அவர் மகன் நிற்கிற இடமாம், மகனைப் பிறகு கம்ப்யூட்டரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமாம். இவருக்குக் கேட்கவா வேண்டும். பல்லெல்லாம் தெரியத் தன் மந்திரத்தைச் சொன்னார்.

அந்த இடத்தைக் காவல் காக்கிற வேலை எனக்கு வந்தது. போட்டோ எடுக்கும்போது நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. முதலில் ஒரு சித்தப்பா வந்து நின்றார். அவரை நகர்த்தினால் கரண்டியோடு சமையல்காரர் ஓரத்தில் வந்து நின்றார். அடுத்து ஒரு பெரியம்மா, "இங்கன இடம் கெடக்கே" என்று உரிமையோடு வந்துவிட்டாள். அங்கே ஆள் நிற்கிறது பெரியம்மா என்றேன். அவள் பக்கத்தில் திரும்பி மேலும் கீழும் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள். பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்த மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் அங்கிருந்து படங்கள் அனுப்பினான். ஒன்றில் ஹெல்மெட், ஒன்றில் கறுப்புக் கண்ணாடி, ஒன்றில் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு பேன்ட் பைக்குள் கை. இதெல்லாம் ஆகாது, வெறும் சுவர் முன்னால் நேராக நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன். நெஞ்சுவரைக்கும் எடுத்து அனுப்பினான். மீதி உடம்பை அந்தக் கட்டத்திடம்தான் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி, கை அம்மாவின் தோளில் என்று எழுதினேன். வேட்டி முதலில் துண்டு அளவுக்கு வந்தது, பிறகு பாவாடை மாதிரி விரிந்தது, அப்புறம்தான் வேட்டியானது. ஒவ்வொரு தடவையும் பையனை அது வெள்ளையடித்துக்கொண்டே வந்தது. அவனுக்கு அனுப்பிக் காட்டினால் அங்கிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, இது யாரு? எங்க மேனேஜரா?"

அவன் நிறத்தை நான் போராடித் திரும்ப வாங்கினேன். கடைசியில் வந்த படம் இருக்கிறதே, அதைப்போல ஒரு வேலையை நான் செய்ததே இல்லை. அம்மாவின் பக்கத்தில் பையன் நிற்கிறான், இடது கை அவர் தோளில். மண்டபத்து விளக்கின் மஞ்சள் அவன் கன்னத்திலும் இருக்கிறது, அவன் நிழல் கொஞ்சம் அவர் சேலையில் விழுகிறது. அந்த அம்மாவை வரச்சொல்லிக் காட்டினேன். திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏதாவது மாற்ற வேண்டுமா அக்கா என்று கேட்டேன். வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கல்யாணப் பெண் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாள். படுக்கையில் கிடந்த தாய்மாமன் அதை ஃபோனில் பார்த்தார்.

அவருக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தகப்பன் இல்லாத பையனைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். அந்தப் பையன் கடல் தாண்டி வந்து கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நின்றிருக்கிறான். அடுத்த தெருவில் எலும்பு முறிந்து கிடக்கிற மாமனை எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போயிருக்கிறான். அவன் ஃபோனை எடுப்பதை அன்றோடு அவர் நிறுத்திவிட்டார். அது கம்ப்யூட்டர் வேலை என்று அவருடைய தங்கச்சி, அந்தப் பையனின் அம்மா, போய்ச் சொன்னார். மகனுக்காக என்னிடமே பொய் சொல்கிறாயா என்று அவரையும் வீட்டுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். ஆல்பம் போனபோது அதைத் திறக்கவே இல்லை.

அந்தப் பையன் எனக்கு ஃபோன் போட்டு அழுதான். ஆம்பளைப் பிள்ளை அழுவதைக் காதில் வைத்துக் கேட்பது கொடுமை. "மாமா ஃபோனை எடுக்கவே மாட்டேங்காவ அக்கா. நீங்கதான் என்னையக் கொண்டுபோய் அங்கன நிறுத்துனீய. நான் வரலைன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். கம்ப்யூட்டர் என்கிற சொல் வந்தால் சோற்றில் மண் விழும் என்றேன். அடங்கிவிட்டார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். வர வேண்டாம் என்று சொல்லியும் அந்த அம்மாவும் என் பின்னாலேயே வந்துவிட்டார். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், நடக்கப் பழகுகிற கம்பிச் சட்டம் பக்கத்தில் நின்றது. அவர் தலைக்கு மேலே சுவரில் அவருடைய அப்பா, என் கோட்டைப் போட்டுக்கொண்டு. அந்த வீட்டுக்கும் நான் கோட்டு கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பையன் வரவில்லை அண்ணாச்சி, நான்தான் ஒட்டினேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. சுவரை நோக்கிக் கையை மட்டும் தூக்கினார்.

"அந்தா இருக்காருல்லா எங்கய்யா, அது நீ பண்ணுனதுதான? எங்கய்யாவுக்குக் கழுத்து எங்க? நீ ஒட்டுனா ஒட்டுனது தெரியும் தாயி. இது ஒட்டுனதில்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன், அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. லேப்டாப்பைத் திறந்து, படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி பையனை மட்டும் வைத்திருந்த அடுக்கை மறைத்துக் காட்டினேன். பையன் போய்விட்டான், அவன் அம்மாவும் பக்கத்தில் காலி இடமும் மட்டும் நின்றன. இப்போதுதானே அழித்தாய், என் கண் முன்னாலேயே அழித்தாய் என்றார். சரி என்று, ஓரத்தில் நான் நீக்கியிருந்த சமையல்காரரைக் கரண்டியோடு திரும்பக் கொண்டுவந்து காட்டினேன், இப்படியெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு. செய்த பிறகுதான் இன்னும் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. ஆளை எடுக்கவும் வைக்கவும் தெரிந்தவள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி என் வேலையில் நானே குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். இங்கே பாருங்கள், பொத்தான் ஒன்று கோணல். இங்கே பாருங்கள், வேட்டிக் கரை பாதியிலேயே நின்றுபோகிறது. விற்க வந்த மாட்டின் சொத்தைகளை மாட்டுக்காரனே சொன்ன மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். அவர் எதற்கும் அசையவில்லை. பிறகு திடீரென்று கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். மாட்டிக்கொண்டு, பையனின் கை இருக்கிற இடத்தைக் காட்டி அதைப் பெரிதாக்கச் சொன்னார்.

தோளில் கிடந்த இடது கையைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். நல்ல கை. நகம்கூட ஒழுங்காக வந்திருந்தது.

பெரியவர் முகம் மாறிவிட்டது.

"இது அவன் கை இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார், திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக. பையன் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூட லீவில் அவருடைய தறிக் கூடத்துக்கு வருவான். ஒருநாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏலே, அந்த நூலை ஒதுக்கி விடு என்று இவர்தான் சொன்னார். பல்சக்கரம் கையை இழுத்துவிட்டது. இடது கை ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை அவர் எதிரில் பைக்குள்தான் இருக்கும், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால். அவரும் பார்த்ததில்லை, பேசியதில்லை. எனக்கு அனுப்பிய படங்களிலும் பையன் அதை மறைத்தே நின்றிருக்கிறான். யந்திரத்துக்கு இதெல்லாம் யார் சொல்வது. எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி அவனுக்கும் முழுசாக ஐந்து விரலைக் கொடுத்திருந்தது.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் தங்கச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் அன்னைக்கே பாத்துட்டேன். எடுக்கச் சொல்ல மனசு வரல. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

பெரியவர் தங்கச்சியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த விரலைப் பற்றி அண்ணனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் ஃபோனை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி அழைத்தார். பையன் தன் ஃபோனையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் போல, உடனே எடுத்துவிட்டான்.

"ஏலே, கையக் காட்டு."

அவன் பயந்துபோய் வலது கையைத் தூக்கினான்.

"அந்தக் கை இல்லலே."

பிறகு இடது கை மெதுவாக மேலே வந்தது. பாதி விரலோடு. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சரி. நீ வரல" என்றார். "சாப்பிட்டியால?"

அப்புறம் எங்களை மறந்துவிட்டார்கள். அவர் தன் இடுப்பைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார், அவன் கம்பெனியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்த அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கடைக்கு வந்து அந்த விரலைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். பாதி விரல் என்று எழுதிப் பார்த்தேன், விரல் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து விரலோடு புதுக் கை ஒன்றைச் செய்து நீட்டியது, ஒருமுறை தாராளமாக ஆறு கொடுத்தது. சமையல்காரரை ஒரு அமுக்கில் காணாமல் அடிக்கிற சூரனுக்கு அரை விரலைக் குறைக்க வரவில்லை. பழைய முறையில் நானே செய்தால் சீக்கிரம் முடிகிற வேலைதான். மவுஸைப் பிடித்தேன். இருந்துட்டுப் போட்டும் என்ற குரல்தான் காதில் கேட்டது. அப்படியே மூடி வைத்துவிட்டேன், அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் அந்தக் கை முழுசாகத்தான் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன் பெட்டியோடு நேராக மாமா வீட்டுக்குத்தான் போனானாம். மறுநாள் பெரியவர் எங்களுக்கு ஆள் விட்டார், கேமராவை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி. நடக்கத் தொடங்கியிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பையன் பின்னால் நின்றான், வழக்கம்போல இடது கை முதுகுக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் அதிசயமாகக் கேமராவுக்குள் பார்த்தபடி, கையை மாமா தோளில் வையுங்கள் தம்பி என்றார். அவன் வலது கையைக் கொண்டுவந்து வைத்தான். பெரியவர் அதைத் தட்டிவிட்டார். திரும்பிப் பார்க்காமலே பின்னால் துழாவி, அந்த இடது கையை இழுத்துத் தன் தோளில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கன இருக்கட்டும்" என்றார்.

விரல்களெல்லாம் வெயிலில் நன்றாகத் தெரிந்தன. என் வீட்டுக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மந்திரத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, அமுக்கினார்.